குத்துச்சண்டை நிருபர் ஆவது எப்படி? வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துக் கல்லூரிகளில் விளையாட்டுச் செய்தி எழுதுவதைப் பற்றிப் பேசப் போனால், கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேர் சுற்றி நின்றுகொள்வார்கள். குத்துச்சண்டை பற்றித்தான் கேட்பார்கள், ஏனென்றால் நான் அதிகம் எழுதுவது அதைத்தான். போனிலும் அதே சந்தேகங்கள் வருகின்றன. ஆளுக்குப் பாதி பாதியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதி வைப்பது நல்லது என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. "குத்துச்சண்டை நிருபர்னு தனியா ஒரு வேலை இருக்கா அக்கா?"

தமிழ் நாளிதழ்களில் அந்தப் பெயரில் ஆள் எடுப்பதில்லை. சென்னையில் விளையாட்டு டெஸ்க்கில் (செய்தியைத் திருத்திப் பக்கம் போடும் பிரிவு) இருக்கும் சிலரே கிரிக்கெட், கால்பந்து, செஸ், டென்னிஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாவட்டத்தில் இன்னும் கலவை. காலையில் கலெக்டர் ஆபீஸ் மனு நாள், மதியம் நெடுஞ்சாலை விபத்து, தை பிறந்தால் எருது விடும் விழா, நடுவில் பள்ளி விளையாட்டுப் போட்டி. எல்லாவற்றுக்கும் ஒரே நிருபர்தான்.

அதனால் முதலில் நிருபராகவோ துணை ஆசிரியராகவோ உள்ளே போங்கள், குத்துச்சண்டையையும் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். "பாக்ஸிங் மேட்டரா, அந்தப் பையனைக் கேளு" என்று டெஸ்க்கில் சொல்கிற நாள் வந்தால் அந்த வேலை உங்களுடையது. லவ்லினா போர்கோஹெய்ன் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியபோதும், நிகத் ஜரீன் 2022-இல் உலக சாம்பியன் ஆனபோதும் தமிழில் நாம் படித்தது பெரும்பாலும் செய்தி ஏஜென்சிகள் அனுப்பியதன் மொழிபெயர்ப்பு. ரிங்கைப் பார்த்துத் தமிழிலேயே யோசித்து எழுதுகிறவர்களுக்கு இடம் காலியாகவே இருக்கிறது.

2. "வேலூர்ல பாக்ஸிங்கே இல்லையே, இங்க உக்காந்து இன்னா எழுதறது?"

வேலூருக்குப் பளு தூக்கும் ஊர் என்று பெயர். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். அந்தப் பெருமை நியாயமானதுதான். ஆனால் அதனாலேயே மற்ற விளையாட்டுகள் நம் கண்ணில் படுவதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகளில் குத்துச்சண்டை இருக்கிறது. பல்கலைக்கழக அளவில் இருக்கிறது. மாவட்டத் தேர்வுப் போட்டிக்கு ஒரு ரிப்போர்ட்டர்கூட வராமல் பிள்ளைகள் ஆடிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இன்னொன்று, நம் பக்கம் ராணுவ பூமி. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறோம். தேசியக் குத்துச்சண்டையில் முப்படைகளின் சார்பில் ஆடும் சர்வீசஸ் அணி எப்போதுமே பலமான அணி. படைப்பிரிவுகளில் கிளவுஸ் மாட்டி ஆடிவிட்டு, ஓய்வுபெற்று, இன்று வங்கியில் செக்யூரிட்டியாகவோ நிலத்தைப் பார்த்துக்கொண்டோ இருக்கும் பெரியவர்களைத் தேடிப் போங்கள். சண்டையைப் பார்க்கச் சொல்லித்தர அவர்களைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார். அவர்கள் கதையே தனிக் கட்டுரையாக வரும்.

பழைய வட ஆற்காடு இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டம். நான்கையும் உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் சென்னை சுமார் 130 கிலோமீட்டர். பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்த வடசென்னையும், 1994 பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கிய வி.தேவராஜனின் ஊரும் அதுதான். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம்.

3. "ஜர்னலிசம் டிகிரி கட்டாயமா?"

இல்லை. எந்த டிகிரி இருந்தாலும் எடுக்கிறார்கள். பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரிய வேண்டும், கேட்டதைச் சரியாகக் குறித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். கல்லூரியில் படிக்கும்போதே விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் மாதிரியானவற்றுக்கு விண்ணப்பியுங்கள். அங்கே கிடைக்கும் திட்டும் திருத்தமும் பிற்காலத்தில் உதவும். வசதியிருந்து சென்னையில் இதழியல் படிக்க முடிந்தால் நல்லதுதான், ஆனால் கடன் வாங்கிப் படிக்கச் சொல்ல மாட்டேன். காரணம் 9-ஆம் கேள்வியில்.

4. "நானும் பாக்ஸிங் ஆடியிருந்தாதான் எழுத முடியுமா?"

ஆடியிருக்க வேண்டியதில்லை. ஆனால் சில மாதம் ஒரு பயிற்சிக்கூடத்துக்குப் போய், கையில் பேண்டேஜ் சுற்றி, ஒரு மூன்று நிமிட ரவுண்டு முழுக்க பேக்கைக் குத்திப் பாருங்கள். இரண்டாவது நிமிடத்தில் கை தானாகவே கீழே இறங்கும். அதை உடம்பில் உணர்ந்தவர் "மூன்றாவது ரவுண்டில் சோர்ந்தார்" என்று சும்மா எழுத மாட்டார், கை எப்போது இறங்கியது என்று பார்ப்பார்.

5. "ஒலிம்பிக்ல ஒரு மாதிரி ஆடறாங்க, டிவில வர்ற ஃபைட்ல வேற மாதிரி ஆடறாங்க. ரூல்ஸ் குழப்பமா இருக்கே?"

இரண்டும் வேறு வேறு உலகம். ஒலிம்பிக் பாணியில் மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. சிறுவர் பிரிவுகளில் ரவுண்டு நேரம் குறையும். ஐந்து ஜட்ஜ். ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 அல்லது அதற்கும் கீழே. கிளவுஸின் முட்டிப் பகுதி, தலை அல்லது உடம்பின் முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ, பெல்ட்டுக்கு மேலே சுத்தமாகப் பட்டால்தான் அது குத்து. அப்படி எத்தனை விழுந்தன, உத்தியிலும் நுட்பத்திலும் யார் கை ஓங்கியது, யார் விடாமல் போராடினார் என்று பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். 5-0, 4-1, 3-2 என்று முடிவு வருவது ஐந்து ஜட்ஜுகளில் எத்தனை பேர் யார் பக்கம் என்ற கணக்கு. இதைக் கோல் கணக்கு மாதிரி "ஐந்து புள்ளிகள் பெற்று வென்றார்" என்று எழுதுவது நம் பக்கங்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

புரொபஷனலில், அதாவது பணத்துக்கு ஆடும் தொழில்முறைக் குத்துச்சண்டையில், பட்டத்துக்கான ஆண்கள் சண்டை 12 ரவுண்டு வரை போகும், ஜட்ஜ் மூன்று பேர், பட்டம் தருவது டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என்று நான்கு அமைப்புகள். "உலக சாம்பியன்" என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்ன மாதிரி, எந்த அமைப்பின் பட்டம் என்பதும் வேண்டும். விஜேந்தர் சிங் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது முதல் உலகத்தில், 2015-இல் புரொபஷனல் ஆன பிறகு ஆடியது இரண்டாவதில்.

எடைப் பிரிவுகளும் நிர்வாகமும் மாறிக்கொண்டே இருக்கும். பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு ஏழு, பெண்களுக்கு ஆறு பிரிவு. 2025-இல் லிவர்பூலில் புதிய சர்வதேச அமைப்பான வேர்ல்டு பாக்ஸிங் நடத்திய உலக சாம்பியன்ஷிப்பில் இருபாலருக்கும் பத்துப் பத்து. அதில்தான் ஜெய்ஸ்மின் லம்போரியாவும் மீனாட்சி ஹூடாவும் தங்கம் வாங்கினார்கள். பழைய சர்வதேச சங்கமான ஐ.பி.ஏ.வின் அங்கீகாரத்தை ஒலிம்பிக் கமிட்டி 2023-இல் ரத்து செய்துவிட்டது. இதெல்லாம் போரடிக்கும் விஷயம் போலத் தெரியலாம். ஆனால் 13-ஆம் கேள்விக்குப் போகும்போது இதுதான் உங்களைக் காப்பாற்றும்.

6. "ரிங் பக்கத்துல உக்காந்தா எல்லாம் வேகமா நடக்குது. எதைக் குறிச்சுக்கறது?"

செல்போனில் வீடியோ எடுப்பதை முதலில் நிறுத்துங்கள். ஸ்கிரீன் வழியாகப் பார்த்தால் சண்டை பிடிபடாது. நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாக்குங்கள், இடது பக்கம் சிவப்பு மூலை, வலது பக்கம் நீல மூலை. சுத்தமாக விழுந்த ஜாபுக்கு (முன்னால் நிற்கும் கையின் நேர்க்குத்து) ஒரு புள்ளி, கிராஸ் (பின்னால் நிற்கும் கையின் நேர்க்குத்து) அல்லது ஹூக்குக்கு (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) ஒரு கோடு, உடம்பில் விழுந்ததற்கு ஒரு வட்டம். கிளவுஸிலோ முன்கையிலோ பட்டுத் தெறித்ததைக் குறிக்காதீர்கள், கூட்டம் எவ்வளவு கத்தினாலும் சரி. கூட்டம் கத்துவது பெரும்பாலும் வீச்சைப் பார்த்துத்தான், குத்து விழுந்ததா என்று அவர்களுக்குத் தெரியாது.

மணி அடித்த உடனே, ஜட்ஜுகளின் முடிவு காதில் விழுவதற்கு முன்னால், உங்கள் கணக்கை எழுதிவிடுங்கள். 10-9 யாருக்கு, ஏன் என்று இரண்டே வார்த்தை: "தூரம் காத்தார்", "உடம்பில் இறங்கினார்". இதைப் பிறகு யோசித்து எழுதினால் முடிவுக்கு ஏற்ற மாதிரி மனசு மாறிவிடும்.

அப்புறம் பேனாவை வைத்துவிட்டு மூலைகளைப் பாருங்கள். மவுத் கார்டை எடுத்ததும் வாயால் மூச்சு வாங்குகிறாரா, கோச் சொல்வதற்குத் தலையாட்டுகிறாரா, இல்லை கோச்சைத் தாண்டி எதிர் மூலையையே பார்க்கிறாரா? அடுத்த ரவுண்டில் கண்ணை முகத்திலிருந்து எடுத்துக் கால்களுக்குக் கொண்டு போங்கள். பின்காலில் எடை தங்கிவிட்டவர் குத்து பலமில்லாமல் போவதை நீங்கள் முன்கூட்டியே பார்த்துவிடுவீர்கள். இடது கைக்காரரா என்பதை முதல் பத்து நொடியில் எழுதிவிடுங்கள், பாதிச் சண்டைக்கு விளக்கம் அதில் இருக்கும்.

7. "நான் எழுதினா எல்லா மேட்ச்சும் ஒரே மாதிரி வருது. எப்படி மாத்தறது?"

இப்படித்தான் வந்திருக்கும்: "பரபரப்பான இறுதிப் போட்டியில் வேலூர் மாணவர் அபாரமாக விளையாடி வெற்றி வாகை சூடினார்." இதை எந்தச் சண்டைக்கும் போடலாம், கபடிக்கும் போடலாம். உங்கள் நோட்டை வைத்து இப்படி எழுதிப் பாருங்கள்: "முதல் ரவுண்டை இழந்த வேலூர் மாணவர், இரண்டாவது ரவுண்டில் உள்ளே புகுந்து உடம்பில் குத்த ஆரம்பித்தார். உயரமான எதிராளியின் கைகள் விலாவைக் காக்கக் கீழே இறங்கின. மூன்றாவது ரவுண்டில் இடது ஹூக் இரண்டு முறை முகத்தில் விழுந்தது. 3-2 என வென்றார்." இதில் ஒரு பெருமைச் சொல்கூட இல்லை, ஆனாலும் அந்தப் பையன் யோசித்து ஆடினான் என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும்.

பெயர், இனிஷியல், பள்ளி, எடைப் பிரிவு, வயதுப் பிரிவு ஆகியவற்றை டிரா ஷீட்டோடு (யார் யாரோடு மோதுகிறார்கள் என்ற பட்டியல்) ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள். வீட்டில் அந்தச் செய்தியை வெட்டி லேமினேட் செய்து மாட்டுவார்கள். இனிஷியல் தப்பாக அச்சாகியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது வருஷக்கணக்காக உறுத்தும்.

8. "எழுதினதை யார்கிட்ட கொண்டு போய்க் கொடுக்கறது?"

தினத்தந்தி, தினகரன் போன்ற நாளிதழ்களுக்கு வேலூர்ப் பதிப்பு இருக்கிறது. நேரில் போய்ச் செய்தி ஆசிரியரைப் பாருங்கள், ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் போகாதீர்கள், பக்கம் முடிக்கும் நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள். "வேலை இருக்கா சார்" என்று கேட்பதற்குப் பதிலாக, முந்தின வாரம் நடந்த ஒரு போட்டியின் செய்தியை அவர்கள் பக்கத்தில் பொருந்தும் நீளத்தில் எழுதி, படத்தில் இருப்பவர் யார் என்று குறித்த ஒரு போட்டோவோடு நீட்டுங்கள். முதலில் பைலைன், அதாவது செய்தியில் உங்கள் பெயர், கிடைக்காது. முடிவு எட்டு மணிக்குத் தெரிந்தால் எட்டேகாலுக்கு நாலு வரி அனுப்பிவிடுகிற ஆள் என்று பெயர் வாங்கினால் பைலைன் பின்னால் வரும்.

யூடியூப் சேனலோ பேஸ்புக் பக்கமோ வைத்துத் தொடங்குவதிலும் தப்பில்லை. அங்கே உங்களைத் திருத்த டெஸ்க் இல்லை என்பதால், 7-இல் சொன்ன ஒப்பிடும் வேலையை நீங்களே இரண்டு முறை செய்ய வேண்டும்.

9. "சம்பளம் எவ்வளவு வரும்? இதை நம்பிக் கல்யாணம் பண்ணலாமா?"

ஆரம்பத்தில் இதை மட்டும் நம்ப முடியாது. பகுதி நேர நிருபருக்குப் பிரசுரமான செய்திக்கு இவ்வளவு என்றோ, மாதம் ஒரு சிறு தொகை என்றோ தருவார்கள். பெட்ரோலுக்கே சரியாகிவிடும். சில இடங்களில் விளம்பரம் பிடித்துத் தரச் சொல்வார்கள். நாளைக்கு நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய சங்கத்திடமோ பள்ளியிடமோ இன்றைக்கு விளம்பரம் கேட்டால் வாய் அடைத்துப் போகும். முடிந்தவரை அதிலிருந்து விலகியே இருங்கள்.

டியூஷன், ஸ்டுடியோ வேலை, வீடியோ எடிட்டிங், மொழிபெயர்ப்பு என்று இன்னொரு வருமானத்தை வைத்துக்கொண்டே இதைச் செய்கிறவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள். டெஸ்க்கில் துணை ஆசிரியராகச் சேர்ந்தால் மாதச் சம்பளம் உறுதி, குத்துச்சண்டைக்கு விடுமுறை நாளைத்தான் கொடுக்க முடியும். பெண் பார்க்கப் போகும் வீட்டில் இதையெல்லாம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

10. "பெரிய போட்டிக்குப் போனா கேட்லயே நிறுத்திடறாங்க. பிரஸ் கார்டு எப்படி வாங்கறது?"

அரசு தரும் செய்தியாளர் அங்கீகார அட்டை வேறு, போட்டி நடத்துகிறவர்கள் தரும் பாஸ் வேறு. முன்னது செய்தி மக்கள் தொடர்புத் துறை மூலம், உங்கள் நிறுவனம் பரிந்துரைத்தால் கிடைப்பது. பின்னதற்கு ஆசிரியரின் கடிதத்தோடு குறைந்தது இரண்டு வாரம் முன்னால் மெயில் அனுப்புங்கள். மாநில, மாவட்டப் போட்டிகளில் பெரும்பாலும் இவ்வளவு கெடுபிடி இல்லை. சங்கச் செயலாளரிடம் ஒரு போன், அவ்வளவுதான்.

பாஸ் கிடைக்காவிட்டால் கேலரியில் உட்காருங்கள், நோட்டு அங்கேயும் செல்லும். ஆனால் காலையில் எடை பார்க்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். யார் எடை வராமல் வெளியேறினார், யார் கடைசி நிமிடம் வரை ஓடிக்கொண்டிருந்தார் என்ற செய்தியெல்லாம் அங்கேதான் இருக்கும். போட்டோ எடுத்தால் பிளாஷை அணைத்துவிடுங்கள்.

11. "என் பொண்ணு இந்த வேலைக்குப் போறேங்கறா. ஆம்பளைங்க கூட்டத்துல, ராத்திரி நேரத்துல... அனுப்பலாமா மேடம்?"

அனுப்புங்கள் ஐயா. இந்தியக் குத்துச்சண்டையின் பெரிய வெற்றிகள் கடந்த பல வருடங்களாகப் பெண்கள் கையில்தான் இருக்கின்றன. மேரி கோம் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கினார். 2023 புது தில்லி உலகப் போட்டியில் நீத்து கங்காஸ், நிகத் ஜரீன், லவ்லினா, சவீட்டி பூரா என்று நான்கு பேர் தங்கம் வாங்கினார்கள். அந்தப் பெண்களின் உடை மாற்றும் அறை வாசல் வரை போய்ப் பேச ஒரு பெண் நிருபரால்தான் முடியும். மாதவிடாய் நாளில் எடை பார்ப்பது, வீட்டில் "மூக்கு உடைந்தால் யார் கட்டுவான்" என்று சொல்வது, இதையெல்லாம் அவர்கள் பெண்ணிடம்தான் திறந்து பேசுவார்கள்.

பாதுகாப்புக்கு நடைமுறையான ஏற்பாடுகள் வேண்டும். சென்னைப் போட்டி முடிய நேரமானால் தங்க ஓர் உறவினர் வீடு, காட்பாடி ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போக ஒருவர், எங்கே இருக்கிறாள் என்று அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருப்பது. அலுவலகம் போக்குவரத்துச் செலவு தருமா என்று சேரும்போதே கேட்கச் சொல்லுங்கள்.

12. "இங்கிலீஷ் சுமார், ஹிந்தி சுத்தமா வராது. பரவாயில்லையா?"

விதிமுறைப் புத்தகம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அகராதியை வைத்தாவது படித்துவிடுங்கள். இந்தி பேசப் பழகிக்கொண்டால் நல்லது. ஹரியானாவின் பிவானி பக்கத்திலிருந்து வரும் வீரர்களும் கோச்சுகளும் தேசியப் போட்டிகளில் நிறைய பேர். நாலு வாக்கியம் பேசினால்கூட அவர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள்.

13. "தேசிய அளவில் தங்கம்னு பிரஸ் ரிலீஸ், மெடல், மாலை எல்லாத்தோடயும் ஆபீஸுக்கே வந்துட்டாங்க. போட்டுடலாமா?"

போடுவதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். எந்தச் சங்கம் நடத்தியது? அந்தப் பிரிவில் எத்தனை பேர் ஆடினார்கள்? டிரா ஷீட் எங்கே? இது குத்துச்சண்டையா, கிக் பாக்ஸிங்கா, தாய் பாக்ஸிங்கா? மூன்றும் வேறு விளையாட்டு, வேறு சங்கம். மத்திய விளையாட்டு அமைச்சகம் ஒவ்வொரு விளையாட்டுக்கும் அங்கீகரித்த சம்மேளனங்களின் பட்டியலை வெளியிடுகிறது. குத்துச்சண்டைக்கு 2016-இல் உருவான பாக்ஸிங் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. அதற்கு முன்னிருந்த சங்கத்தைச் சர்வதேச அமைப்பு 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்து, நம் வீரர்கள் சில வருடம் தவித்தார்கள். சங்கத்தின் பெயர் அவ்வளவு முக்கியம்.

காரணம், தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அங்கீகாரமில்லாத சங்கத்தின் சான்றிதழ் அங்கே செல்லாது. "இன்டர்நேஷனல்" என்று பெயர் வைத்து, பிள்ளைக்கு இவ்வளவு என்று என்ட்ரி ஃபீஸ் வாங்கி, வந்த எல்லோருக்கும் மெடல் மாட்டி அனுப்புகிற போட்டிகள் உண்டு. நீங்கள் போடும் நாலு வரிச் செய்திதான் அடுத்த வருடம் அவர்கள் வசூலுக்கு விளம்பரம். நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிற அம்மாக்கள் அந்த வரிகளை நம்புகிறார்கள்.

அந்தப் பிள்ளையிடம் கோபப்படாதீர்கள், அவன் உண்மையாகவே உழைத்திருப்பான். வெளியே உட்கார வைத்து, பெற்றோரிடம் மட்டும் நிலைமையை எடுத்துச் சொல்லி, மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். பிரஸ் ரிலீஸை அப்படியே போடாதீர்கள். அந்தச் சங்கத்தைப் பற்றி விசாரித்து எழுதினால் அதுதான் ஊருக்குத் தேவையான செய்தி.

14. "கவர் கொடுத்தா வாங்கலாமா? டீ வாங்கிக் கொடுத்தா கூடத் தப்பா?"

டீ குடிக்கலாம், அடுத்த டீக்கு நீங்கள் காசு கொடுங்கள். கவர் வேண்டாம், "பெட்ரோலுக்கு" என்று சொன்னாலும் வேண்டாம். எல்லோர் முன்னாலும் சண்டை போடத் தேவையில்லை, "ஆபீஸ்ல கொடுக்கறாங்க சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஒரு தடவை வாங்கிவிட்டால் 13-ஆம் கேள்வியில் சொன்ன நாலு கேள்விகளை அவரிடம் கேட்க முடியாது.

15. "என் கணக்குப்படி அவன்தான் ஜெயிச்சான், ஆனா கையைத் தூக்கினது வேற ஆளோடது. ஜட்ஜ் காசு வாங்கிட்டாங்கன்னு எழுதலாமா?"

ஆதாரம் இல்லாமல் அப்படி எழுதவே கூடாது. அவதூறு வழக்குக்கு பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் பார்த்ததை எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு. 6-இல் சொன்னபடி முடிவுக்கு முன்னாலேயே குறித்த நோட்டு கையில் இருந்தால், "இரண்டாவது, மூன்றாவது ரவுண்டுகளில் தெளிவான குத்துகள் நீல மூலையிலிருந்தே வந்தன, தீர்ப்பு 3-2 எனச் சிவப்புக்குப் போனது" என்று நெஞ்சு நிமிர்ந்து எழுதலாம். நடுவர்களை மேற்பார்க்கும் ரெஃப்ரி கமிஷனிடம் விளக்கம் கேளுங்கள், தராவிட்டால் தரவில்லை என்று போடுங்கள்.

1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்க வீரர் ராய் ஜோன்ஸ் ஜூனியர் 3-2 எனத் தோற்றார் என்றார்கள். எண்ணிப் பார்த்தவர்களின் கணக்கில் அவருடைய குத்து 86, எதிராளியான கொரிய வீரருடையது 32. அந்த அநியாயத்தை இன்றும் உலகம் பேசுவது அந்த எண்ணிக்கையால்தான். அடுத்த ஒலிம்பிக்கில் கம்ப்யூட்டர் மார்க் வந்தது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் சரிதா தேவி அரையிறுதித் தீர்ப்பை ஏற்காமல் வெண்கலத்தைக் கழற்றி எதிராளி கழுத்திலேயே மாட்டினார், ஒரு வருடத் தடையும் வாங்கினார். அவர் கண்ணீரை எல்லோரும் எழுதினார்கள். பரபரப்பு அடங்கிய மூன்றாம் நாள் தேவைப்படுவது ரவுண்டு ரவுண்டான கணக்கு. அது உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

16. "ஒரு பையன் அடி வாங்கி அப்படியே விழுந்துட்டான். அந்த போட்டோதான் வைரல் ஆகும்னு சொல்றாங்க..."

முகத்தின் குளோசப்பை அனுப்பாதீர்கள். எழுத வேண்டியது: ரெஃப்ரி எண்ணினாரா, உடனே நிறுத்தினாரா, டாக்டர் எவ்வளவு நேரத்தில் உள்ளே வந்தார், ஆம்புலன்ஸ் மைதானத்தில் இருந்ததா, பையன் நடந்து போனானா, ஸ்ட்ரெச்சரா. தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனவர் குறைந்தது ஒரு மாதம் ஆடக் கூடாது, ஸ்பேரிங்கும் (பயிற்சிச் சண்டை) கூடாது. அந்த மாதத்துக்குள் அவன் பெயரை இன்னொரு டிரா ஷீட்டில் பார்த்தால் எல்லா வேலையையும் விட்டுவிட்டு அதைக் கேளுங்கள். ஒரு உயிர் சம்பந்தப்பட்ட செய்தி அது.

குத்துச்சண்டைக்காரர்களின் மூளைப் பாதிப்பை அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-லேயே எழுதிவிட்டார். நாம் இருக்கும் ஊரில் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது இங்கேதான். தலைக்காயம் பற்றிக் கேட்க வேலூர் நிருபர் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை, முறையாக அனுமதி கேட்டு ஒரு நிபுணரிடம் பேசுங்கள். குறிப்பிட்ட நோயாளியைப் பற்றிக் கேட்காதீர்கள், பொதுவாகக் கேளுங்கள்.

அடிபடுவதை மட்டும் பார்க்காதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் எடை குறைக்க ரெயின்கோட் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் ஓடுகிற பதினாறு வயதுப் பிள்ளைகளும் இந்தச் செய்தியில் சேர்த்திதான். "விடாமுயற்சி" என்று அதைப் புகழ்ந்து எழுதிவிடாதீர்கள்.

17. "ஒரு கோச் மேல ஒரு பொண்ணு என்கிட்ட புகார் சொல்றா. நான் என்ன பண்ணணும்?"

செய்தி இரண்டாவது. புகார் பாலியல் தொல்லை பற்றியதாக இருந்து, அவளுக்கு 18 வயது ஆகவில்லை என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி இப்படி ஒரு குற்றம் தெரியவந்த யாரும் போலீஸுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், நிருபருக்கும் அது பொருந்தும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு அவளுடைய பெயர், படம், பள்ளி, குடும்பம், தெரு எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. நம் பக்கத்துக் குத்துச்சண்டை வட்டம் மிகச் சின்னது. "48 கிலோவில் போன வருடம் வெள்ளி வாங்கிய மாணவி" என்று போட்டாலே எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதையும் எழுதாதீர்கள். பெரியவர்களாக இருந்தாலும் பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் அனுமதிப்பதில்லை.

அவள் பேச்சை உங்கள் போனில் ரெக்கார்டு செய்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆசிரியருக்கு உடனே சொல்லுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள். புகார் பதிவான பிறகு, ஆவணத்தை வைத்து, குற்றம் சாட்டப்பட்டவரின் பதிலையும் கேட்டு, வழக்கறிஞர் ஒருவர் பார்த்த பிறகு எழுதுங்கள். சங்கத்திலிருந்து "நம்ம ஊர் பேர் கெட்டுடும்" என்று போன் வரும். ஊர்ப் பெயரைக் காப்பாற்றுவது நிருபர் வேலை இல்லை.

18. "சின்ன வயசுலேர்ந்து எழுதிட்டு வர்ற பையன், எனக்குத் தம்பி மாதிரி. ஃபைனல்ல மோசமா ஆடித் தோத்துட்டான். எழுதக் கை வரல அக்கா."

இந்த வேலையில் எனக்கும் இன்றுவரை கஷ்டமான இடம் இதுதான். காலை ஐந்து மணிக்கு அவனோடு மைதானத்தில் நின்றிருப்பீர்கள், அவன் வீட்டில் சாப்பிட்டிருப்பீர்கள். அந்தப் பழக்கம் இல்லாமல் நல்ல குத்துச்சண்டைச் செய்தி எழுத முடியாது, அதனால் பழகாதே என்று சொல்ல மாட்டேன். அவன் இரண்டாவது ரவுண்டிலேயே கையை இறக்கிவிட்டான் என்றால் அதை எழுதுங்கள். அவன் வீட்டில் பார்த்தவற்றை, அப்பா குடிப்பதை, தங்கை படிப்பு நின்றதை, அவன் அனுமதி இல்லாமல் தோல்விக்குக் காரணமாக இழுத்துப் போடாதீர்கள்.

செய்தியை அனுப்பிய பிறகு, பேப்பர் வருவதற்கு முன்னால் அவனுக்குப் போன் செய்து என்ன எழுதியிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். திருத்தச் சொன்னால் தகவல் பிழையை மட்டும் திருத்துங்கள். சிலர் ஒரு மாதம் பேச மாட்டார்கள். அடுத்த செலக்ஷனுக்கு அவன் வரும்போது நீங்களும் அங்கே இருங்கள், நோட்டோடு.